வாய்க்குள் ஒரு பட்டறை

எனக்கு எச்சில் ஆகாது. அடுத்தவர் எச்சில் மட்டுமில்லை, என்னுடையதே ஆகாது. தபால்தலையை நக்கி ஒட்டியதில்லை. விரலில் எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டுகிறவரிடம் புத்தகம் இரவல் வாங்கியதில்லை. கொதிக்கிற டீயையும் அண்ணாந்துதான் குடிப்பேன். பாதி வாய்க்குள் போகும், பாதி சட்டைக்குள் போகும். சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்காரர் என்னைக் கண்டால் டம்ளரோடு ஒரு துண்டையும் சேர்த்துத்தான் நீட்டுவார். இப்படிப்பட்ட ஒருவனை ஓர் ஆனி மாசம் முழுக்க அந்த அண்ணாச்சிக்கு எதிரே உட்கார வைத்தது யார் பார்த்த வேலையோ, யோசித்துத்தான் பார்த்திருக்கிறார்கள்.

பேர் வேண்டாம். சொன்னால் அவருடைய சொந்தக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். சொல்லாவிட்டாலும் அந்தக் காலத்தில் திருவேங்கடம் சாலையில் நடமாடியவர்களுக்கு ஆளைத் தெரிந்துவிடும். நடந்து போன இடமெல்லாம் சிவப்புத் தடம். ஒல்லி உடம்பு, விமானப்படையிலிருந்து கொண்டுவந்த காக்கி அரைக்கால் சட்டை, அதற்கு மேல் ஒரு வாய். அவரைப் பற்றிச் சொல்வதற்கு அந்த வாய்தான் இருக்கிறது. வலது கன்னத்தில் வெற்றிலையும் புகையிலையும். இடது கன்னத்தில் அன்றைய வேலைக்கு வேண்டிய ஆணி, திருகு, தகடுகளைச் சேர்த்து அறைகிற ரிவிட். இரண்டையும் ஒரு நாளும் மாற்றித் துப்பியதில்லை. அரம் எங்கே, சுத்தியல் எங்கே என்று மற்றவர்கள் பட்டறையில் தேடுவார்கள். அவர் நாக்கைச் சுழற்றுவார்.

வடக்கே விமானப்படையில் தகடு பொருத்துகிற வேலை பார்த்தவர். ஏன் பாதியில் வந்துவிட்டார் என்பதற்கு ஊரில் மூன்று கதைகள் உண்டு. மூன்றிலும் அவர் எதன் மீதோ துப்புவார். ஒன்றில் அதிகாரியின் பூட்ஸ், ஒன்றில் கொடிக்கம்பம், ஒன்றில் வந்திருந்த மந்திரியின் கார். அவரிடமே கேட்டால், “அங்கன வெத்தலை கிடைக்கல வே” என்பார். எனக்கு நாலாவது கதையாக அதுதான் நம்பும்படி இருந்தது.

ஒரு கல்யாண வீட்டில் நடந்தது இது. பெண் வீட்டார் சீர் வரிசையைப் பரப்பி வைத்திருந்தார்கள். அண்ணாச்சி கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், ஆளுயரக் குத்துவிளக்கின் முன்னால் குனிந்தார். கும்பிடுகிறார் என்று எல்லோரும் நினைத்தோம். அடிப்பாகத்திலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு நக்கினார். நிமிர்ந்து, கண்ணை மூடி, பந்தியில் பாயசம் ருசி பார்ப்பவர் மாதிரி யோசித்து, இது பித்தளை இல்லை, கலப்படம், வாங்கின கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று சொன்னார். பெண்கள் பக்கம் காலியாகிவிட்டது. விளக்கைத் தூக்கிப் போய்ப் புளி போட்டுத் தேய்த்தார்கள். அவர் சொன்னது நிஜமா என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அந்த விளக்கிலிருந்து எத்தனை இலை தள்ளி உட்காரலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பேசும்போது எல்லோருக்கும் அப்படித்தான். வாய் பார்ப்பார்கள், தூரம் பார்ப்பார்கள். பேச்சு நடுவில் எங்கோ விழுந்துவிடும்.

எனக்கு அப்போது டிரங்குப் பெட்டி செய்யும் பட்டறை. ஹாஸ்டலுக்குப் போகிற பிள்ளைகளும் புருஷன் வீட்டுக்குப் போகிற பெண்களும் என்னிடம்தான் வாங்குவார்கள். என் பெட்டிகள் நன்றாக மூடும். திறப்பதுதான் கொஞ்சம் சிரமம். திருடனுக்கும் சிரமம்தானே என்று சொல்லி விற்றுவிடுவேன்.

கோவிலின் ஆடித்தபசுத் திருவிழாவுக்குப் பொருட்காட்சி போட வந்த காண்ட்ராக்டர் என்னைத் தேடி வந்தார். முதலாளி என்றுதான் எல்லோரும் அவரைக் கூப்பிடுவார்கள். மதுரைப் பக்கத்து ஆள். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, அத்தர் போட்ட கைக்குட்டை. என் பட்டறை ஸ்டூலில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்தார். குடிக்கத் தண்ணீர் கொடுத்தபோது பையிலிருந்து சொந்த டம்ளரை எடுத்தார். எனக்கு ஒரு அண்ணன் கிடைத்த மாதிரி இருந்தது.

அவர் வடக்கே ஒரு கம்பெனியிலிருந்து விமான ராட்டினம் வாங்கியிருந்தார். நடுவில் கம்பம், அதிலிருந்து நாலு இரும்புக் கை, ஒவ்வொரு கையிலும் ஒரு விமானம், விமானத்துக்கு இரண்டு பிள்ளைகள். கம்பெனிக்காரன் விமானத்தை விமானமாக அனுப்பவில்லை. மரப்பெட்டியில் தகடு தகடாக அடுக்கி, எதை எதோடு சேர்க்க வேண்டும் என்று ஒரு வரைபடம் வைத்து அனுப்பியிருந்தான். தபசு தொடங்குவதற்குள் பூட்டித் தர வேண்டும். நானும் அலுமினியத்தைத் தடவிப் பார்த்து, பெட்டிதானே, மூக்கு வைத்த பெட்டி என்று சொல்லிவிட்டேன். சொன்ன வாய் என்னுடையது.

முதல் தகட்டிலேயே தெரிந்துபோயிற்று. விமானத்தின் மூக்கு நாலு இதழாக வந்திருந்தது. உள்ளே இருக்கும் வளையத்தின் மேல் இதழை வைத்து ரிவிட் அடிக்க வேண்டும். வளையத்தில் துளைகள் உண்டு, இதழில் கிடையாது. இதழை வைத்ததும் வளையத்துத் துளைகள் மறைந்துவிடும். நூல் பிடித்து அளந்து, சாக்பீஸில் குறித்துத் துளை போட்டேன். ஒரு துளை கூட ஒன்றின் மேல் ஒன்று விழவில்லை. தள்ளித் தள்ளிப் போட்டதில் தகடு அரிசி சலிக்க உதவும் பதத்துக்கு வந்தது. முதலாளி கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, இந்த ஊரில் விமானம் தெரிந்தவர் யாருமே கிடையாதா என்று கேட்டார். ஒருவர் இருந்தார். வேறு வழியில்லாமல் சொன்னேன்.

அண்ணாச்சி வந்தார். மூக்கு இதழைப் பார்த்தார், வளையத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். உள்ளங்கையில் துப்பினார். அந்தச் சிவப்புச் சாற்றை விரலில் தொட்டு வளையத்துத் துளை ஒவ்வொன்றின் விளிம்பிலும் தடவினார், வாசல் நிலைக்குக் குங்குமம் வைக்கிற மாதிரி. புது இதழை மேலே வைத்து ஓர் அழுத்து. எடுத்துத் திருப்பினால், உள்பக்கம் வரிசையாகச் சிவப்பு வட்டங்கள். வட்டத்தின் நடுவில் துளை போட்டார். அத்தனையும் நேராக விழுந்தன.

“இன்னமே தொடைச்சிரும் வே” என்றார்.

துடைக்கிறது என் வேலை ஆயிற்று.

இறக்கை உடம்போடு சேருமிடத்தில் ஒரு வளைந்த பட்டை வரும், ரவிக்கைத் தோளில் கை தைக்கிற இடம் மாதிரி. எந்தப் பக்கம் அழுத்தினாலும் மறுபக்கம் எழும்பும். அதற்கும் அதே வைத்தியம். உடம்பில் சாற்றைப் பூசிப் பட்டையை வைத்து எடுப்பார். சிவப்பு ஒட்டின இடம் மேடு. அங்கே மட்டும் மரச்சுத்தியால் தட்டுவார். முரண்டு பிடிக்கிற தகட்டில் சோப்பைத் தேய்த்து அடியில் தீ காட்டுவார். சோப்பு கருத்ததும் தீயை எடுத்தால் தகடு துணி மாதிரி வளையும். அதை ஆறவைக்கத் தண்ணீர் வாளி பக்கத்திலேயே இருக்கும். அவர் வாளியை ஒரு நாளும் தொட்டதில்லை.

ரிவிட் அடிக்க இரண்டு பேர் வேண்டும். அவர் உள்ளே இரும்பை முட்டுக் கொடுத்துப் பிடிப்பார், நான் வெளியே அடிக்க வேண்டும். ஒவ்வொரு ரிவிட்டும் அவர் கன்னத்திலிருந்து உதட்டுக்கு வந்து, உதட்டிலிருந்து என் கைக்கு வர வேண்டும். முதல் நாள் இடுக்கியால் வாங்கினேன்.

“என்னவே, பிரசவமா பாக்கீரு?”

தரையில் வைத்துவிடுங்கள் அண்ணாச்சி, எடுத்துக்கொள்கிறேன் என்றேன். தரையெல்லாம் அழுக்கு என்றார். நிஜமாகவே சொன்னார்.

ரிவிட்டை வாயில் நனைத்துக் கொடுத்தால் துளைக்குள் வழுக்கிப் போகும் என்று ஒரு காரணம் வைத்திருந்தார். எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு காரணம் இருந்தது. அந்த மாசம் நான் மத்தியானச் சோறு சரியாகச் சாப்பிடவில்லை. இடுப்பில் வேட்டி நிற்காமல் போக, என் மனைவி மருந்துக்கடையில் வயிற்றுப் பூச்சிக்கு மருந்து வாங்கிக் கொடுத்தாள்.

எச்சில் படாமல் ஒரு வேலையாவது செய்ய வேண்டும் என்று, நாலாவது விமானத்தின் இறக்கைகள் இரண்டையும் தனியாக வீட்டுக் கொல்லையில் வைத்து வளைத்தேன். நன்றாக வந்திருந்தன. ஒன்றின் மேல் ஒன்றை வைத்தால் முடி அளவு வித்தியாசம் கிடையாது. அங்கேதான் கோளாறு. டிரங்குப் பெட்டியின் இரண்டு முனைத் தகடும் ஒரே மாதிரி இருக்கும். எந்தப் பக்கத்துக்கும் எதுவும் ஆகும். இறக்கை அப்படி இல்லை என்பது அதுவரை எனக்குத் தேவைப்படாத சங்கதி. அண்ணாச்சி இரண்டையும் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

“ரெண்டும் சோத்துக்கைப் பக்கம். இதை மாட்டுனா உம்ம ப்ளேன் பந்தியில உக்காரத்தான் லாயக்கு.”

சாயங்காலத்துக்குள் அந்தக் கதை டீக்கடைக்குப் போய்விட்டது. துண்டோடு டீ கொடுக்கிறவர் அன்று, எந்தக் கையில் வாங்கிக்கொள்கிறாய் என்று கேட்டார்.

ஒன்றை நிமிர்த்தி எதிர்ப்பக்கமாக வளைத்துக் கொடுத்தார் அண்ணாச்சி. மிச்சம் இருந்தது நாலாவது விமானத்தை இரும்புக் கையில் தொங்கவிடும் தடித்த தகடு. காது என்று சொல்வோம். அது வந்த மரப்பெட்டி லாரியிலிருந்து இறக்கும்போது விழுந்து, காது கோணியிருந்தது. முதலாளியின் ஆட்கள் ரோட்டோரக் கல்லில் வைத்து அடித்து நிமிர்த்திக் கொண்டுவந்திருந்தார்கள். பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. அண்ணாச்சி அதை வெளிச்சத்தில் திருப்பினார். பிறகு மடிப்பு ஓடுகிற இடத்தில் கொழகொழவென்று துப்பினார். நான் தலையைத் திருப்பிக்கொண்டேன். கொஞ்ச நேரம் ஊறவிட்டுத் துண்டால் அழுத்தித் துடைத்தார். சுண்ணாம்பு டப்பாவைச் சுரண்டி, காய்ந்த தூளை அதன் மேல் ஊதினார். வெள்ளைத் தூளுக்கு நடுவில், மடிப்பு நெடுக, தலைமுடி கனத்துக்கு ஒரு சிவப்புக் கோடு மெதுவாகக் கசிந்து வந்தது.

விமானப்படையில் இதற்கென்றே டப்பாவில் சிவப்புத் தண்ணீர் வரும், கீறலுக்குள் போய் ஒளிந்துகொள்ளும், மாவு போட்டால் வெளியே வந்துவிடும் என்று சொன்னார். சொல்லிவிட்டு எச்சிலை விழுங்கினார். அவர் விழுங்கி நான் பார்த்தது அன்றுதான்.

“காலியாத் தொங்குனாத் தாங்கும் வே. பிள்ளைய ஏறுனா, எந்தச் சுத்துல விடும்னு சொல்ல முடியாது.”

முதலாளியிடம் இரண்டு பேரும் போனோம். புதுக் காது வடக்கேயிருந்து வர மாசமாகும், நோட்டீஸில் நாலு விமானம் என்று அடித்தாயிற்று, ஒன்றைக் கழற்றினால் ராட்டினம் ஒரு பக்கம் சாயும் என்றார் அவர். சரி, தொங்கட்டும், பிள்ளைகளை ஏற்றாதீர்கள் என்றார் அண்ணாச்சி. பேச்சு வேகத்தில் ஒரு பொட்டு தெறித்து வெள்ளைச் சட்டையில் விழுந்தது. முதலாளி அந்தப் பொட்டையே பார்த்தார்.

“வெத்தலையைத் துப்பிட்டுச் செவப்பா இருக்குங்கிறீரு. நீர் எங்க துப்புனாலும் செவப்பாத்தான்யா இருக்கும்.”

ஆட்கள் சிரித்தார்கள். அன்றைக்கே காதுக்கு வெள்ளிப் பெயிண்ட் அடித்தார்கள். கோடு போயிற்று. பெயிண்ட் காய்கிற வரைக்கும் முதலாளி அத்தர்க் கைக்குட்டையை விசிறிக்கொண்டு நின்றார். எனக்கு அந்த வாசனை ஆகவில்லை. வெற்றிலை பரவாயில்லை என்று நான் நினைத்த முதல் நாள் அது. அப்படி நினைத்ததிலும் எனக்கு வருத்தம்தான்.

அண்ணாச்சி விடவில்லை. அனுமதி கொடுக்க வந்த அதிகாரியை மறித்துச் சொன்னார். அதிகாரி பின்னால் நகர்ந்தார்; இவர் முன்னால் போனார்; அவர் இன்னும் நகர்ந்து, ஜீப் வந்துவிடவே ஏறிக்கொண்டார். நானும் என் பங்குக்குத் தெரிந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். எல்லோரும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இரண்டும் சோத்துக்கைப் பக்கம் செய்தது நீதானே என்றார்கள்.

தபசு தொடங்கிய சாயங்காலம். சாமிக்குக் காணிக்கையாகப் பருத்தியும் வத்தலும் மடியில் கட்டிக்கொண்டு சுற்றுப்பட்டு ஊர் ஜனமெல்லாம் வந்திருந்தது. விமான ராட்டினத்துக்கு முன்னால் பிள்ளைகள் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தன. மூன்று விமானம் நிறைந்தது. நாலாவதை நோக்கி ஓர் அம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாள். அவளுக்கு முன்னால் அண்ணாச்சி போய் நின்றார். கன்னம் இரண்டும் உப்பியிருந்தது. அன்று இடது கன்னத்திலும் ரிவிட் இல்லை, வெற்றிலைதான். ஆசனத்தில் ஒன்று துப்பினார். சாய்கிற இடத்தில் ஒன்று. பிள்ளைகள் பிடித்துக்கொள்கிற கம்பியில், நிதானமாக, நுனியிலிருந்து நுனிவரை. பிறகு மூக்கில், நாங்கள் இரண்டு பேரும் உயிரைக் கொடுத்துப் பொருத்திய அந்த மூக்கில், பாக்குத் துணுக்கோடு ஒன்று. அது வழிந்து இறங்கியது.

அந்த அம்மா முந்தானையால் பிள்ளையின் முகத்தை மூடிக்கொண்டு போய்விட்டாள். கூட்டம் திட்டியது. முதலாளியின் ஆட்கள் அவரைத் தள்ளிக்கொண்டுபோய் வாசலுக்கு வெளியே விட்டார்கள். ராட்டினம் சுற்றியது, மூன்றில் பிள்ளைகள், நாலாவது காலி. அசிங்கம் அன்று பூராவும் வானத்தில் சுற்றியது.

கழுவுகிற வேலையை முதலாளி என் தலையில் கட்டினார். வாளியும் பினாயிலுமாக மறுநாள் காலையில் சுத்தம் செய்தேன். சாயங்காலம் அவர் எப்படியோ உள்ளே வந்து மறுபடி துப்பினார். காலையில் நான் கழுவுவேன், சாயங்காலம் அவர் துப்புவார். டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்தார். ஒரு நாள் வேலிக்குக் கீழே ஊர்ந்து வந்தார். ஒரு நாள் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு பெண்கள் கூட்டத்தோடு வந்தார். அந்த வாயை வைத்துக்கொண்டு எந்தப் பெண் என்று நினைத்தாரோ. நான் கழுவுகிற கழுவலில் மெல்ல மெல்ல அழுத்தம் குறைந்தது. எங்கேயாவது கொஞ்சம் விட்டுவைப்பேன்.

பிறகு ஒரு மத்தியானம் என் பட்டறைக்கு வந்தார். வாயைத் துண்டால் சுற்றியிருந்தார். துண்டில் சிவப்பு. வெற்றிலைச் சிவப்பு இல்லை. முதலாளியின் ஆட்கள் வேறெங்கும் அடிக்கவில்லை. வாயைப் பார்த்து அடித்திருந்தார்கள். உதடு கிழிந்து முகம் ஒரு பக்கமாக வீங்கியிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். தலையை ஆட்டினார். மடியிலிருந்து வெற்றிலைப் பொட்டலத்தையும் சுண்ணாம்பு டப்பாவையும் எடுத்து என் முன்னால் வைத்தார். பொட்டலத்தின் ஓரத்தில் புகையிலை ஈரமாக ஒட்டியிருந்தது. துண்டுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. இரண்டாம் தடவைதான் எனக்குப் புரிந்தது.

“நீரு போடும் வே.”

அவர் எச்சில் பட்ட பொட்டலம். கடையில் வேறு வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லவில்லை. போட்டேன். சுண்ணாம்பு எவ்வளவு என்று தெரியாமல் தடவியதில் நாக்கு வெந்தது. புகையிலை தலைக்கேறி ராட்டினம் என் பட்டறைக்குள்ளேயே சுற்றியது. துப்பக் கூடாது, அங்கே போய்த்தான் துப்ப வேண்டும். கன்னத்தில் தேக்கிக்கொண்டு, சாலை நெடுகத் தெரிந்தவர்கள் கேட்டதற்கெல்லாம் தலையை ஆட்டிக்கொண்டு போனேன். வாசலில் யாரும் என்னைத் தடுக்கவில்லை. கழுவுகிறவன் நான்தானே.

நாலாவது விமானம் அன்று பளபளவென்று இருந்தது. ஓர் அப்பா பெண் குழந்தையை அதற்குள் தூக்கி வைக்கக் கையை உயர்த்தினார். நான் எக்கித் துப்பினேன். முழுக்க என் சட்டையில் விழுந்தது. அனுபவம் இல்லாத வாய். குழந்தை கைகொட்டிச் சிரித்தது. மிச்சத்தைக் கூட்டிச் சேர்த்து, விமானத்துக்குள் தலையை விட்டு, ஆசனத்தில் துப்பினேன். அப்புறம் வெற்றிலையோடு மத்தியானச் சோறும் சேர்ந்து வந்தது. அது என் திட்டத்தில் இல்லை. ஆனால் அண்ணாச்சியால் முடியாத அளவுக்கு விமானம் நாறியது.

“வெள்ளையும் சொள்ளையுமா இருந்துக்கிட்டு, செய்யுத வேலையா வே இது?” அந்த அப்பா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்த பார்வையை நான் நன்றாக அறிவேன். எத்தனையோ தடவை நானே பார்த்திருக்கிறேன்.

வீட்டுக்குப் போனதும் என் மனைவி சட்டையில் ரத்தம் என்று பதறினாள். கிட்டே வந்து மோந்தாள்.

“வெத்தலையா? நீங்களா போட்டிய?”

அன்றிரவு எனக்குச் சோறு வாசல்படியில்தான் வந்தது. மறுநாளிலிருந்து முதலாளி நாலாவது விமானத்தைக் கழுவச் சொல்லவில்லை. கழுவினாலும் அதில் ஏற ஊரில் பிள்ளை இல்லை. காலியாகவே சுற்றியது.

தபசு முடிந்து ராட்டினத்தைப் பிரித்தபோது நாலாவது விமானத்தை இறக்கத் திருகைக் கழற்றினேன். சுத்தியலால் ஒரு தட்டுத்தான். காது இரண்டாக என் கையில் வந்தது. உடைந்த விளிம்பைப் பார்த்தேன். அதன் அகலத்தில் முக்கால்வாசிக்கு மேல் பழைய சிவப்பு, ஊறிக் காய்ந்து கறுத்திருந்தது. ஓரத்தில் மட்டும் நகக்கண் அளவுக்குப் புதிதாகப் பளபளவென்று வெள்ளை. அவ்வளவில்தான் அது தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. முதலாளி கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்துவிட்டு, அடுத்த ஊர் போவதற்குள் ஒரு காது வாங்கிவிட வேண்டும் என்று தன் ஆளிடம் சொன்னார்.

அண்ணாச்சி பக்கத்தில்தான் நின்றார். உதட்டில் தையல். ஒரு பக்கமாக மென்றுகொண்டிருந்தார். காதை என்னிடமிருந்து வாங்கி, உடைந்த இடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாக்கை நீட்டி நுனியிலிருந்து நுனிவரை ஒரு நக்கு நக்கினார்.

“மட்டமான தகடு வே” என்று என்னிடமே திருப்பி நீட்டினார்.

இடுக்கி காலடியில்தான் கிடந்தது. நான் கையால் வாங்கிக்கொண்டேன். ஈரமாக இருந்தது. அவர் கண்ணில் படாத தூரம் போனதும், குழாயடியில் நின்று, சோப்புக் கட்டி பாதியாகும் வரைக்கும் கை கழுவினேன்.